வேரோடு உறவாடும் காளான்

"நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான்" என்று நம்மவர் சிலரை ஏளனமாகச் சொல்வதுண்டு. பழைமையும் பரம்பரையும் இன்றித் திடீரெனத் தலை நிமிர்ந்தவர் என்பது அதன் கருத்து. இப் பழமொழி மனிதருக்குப் பொருந்துமோ பொருந்தாதோ, காளானுக்குச் சிறிதும் பொருந்தாது. மழை பெய்த மறுநாள் குடை விரித்தாற்போல நம் கண்ணுக்குத் தெரிவது காளானின் உடல் அன்று, அதன் கனி. ஒரு மாமரம் முழுவதும் மண்ணுக்குள் மறைந்திருக்க, மாம்பழம் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தால் எப்படியோ, அப்படி. காளானின் உடல், மயிரினும் மெல்லிய வெண்ணிழைகளாக மண்ணுக்குள் பரந்து கிடக்கிறது. அந்த இழைகள் ஆண்டுக்கணக்கில் வாழ்பவை. குடையே விரிக்காமல், மனிதர் கண்ணில் படாமலே காலம் கழிக்கும் வகைகளும் எண்ணற்றவை.

மண்ணுக்குள் வாழும் இவ்விழைகளுக்கும் செடி கொடிகளின் வேர்களுக்கும் இடையே ஓர் உறவு உண்டு. அழிந்துவரும் செடிகளைக் காப்பாற்ற முயல்வோர், இவ்வுறவை அறியாமல் ஓரடியும் எடுத்து வைக்க முடியாது என்பது இன்று தெளிவாகியிருக்கிறது. அதைப் பற்றியே ஈண்டுச் சொல்லப் புகுகிறோம்.

முதலில் நமது அறியாமையை ஒப்புக்கொண்டு விடுவோம். உத்தியோக மாற்றலில் திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில், திருநெல்வேலியில் நமது வீட்டு முற்றத்தில் நின்ற பிச்சிக் கொடியின் பதியன் ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்தோம். பேருந்தில் மண் சிந்தினால் அண்டையில் இருப்பவர் முகம் சுளிப்பாரே என்று அஞ்சி, வேரை வாய்க்கால் நீரில் நன்றாக அலசி, ஈரத் துணியில் சுற்றிக் கொணர்ந்தோம். இங்கே நட்டு, வேளை தவறாமல் நீர் வார்த்தோம். பத்தே நாளில் கொடி கருகிவிட்டது. அடுத்த வீட்டுப் பெரியவர் வேலிக்கு அப்பால் நின்று, "மண்ணு களஞ்ஞோ?" என்று ஒரே கேள்வி கேட்டார். மண்ணை உதறிவிட்டீர்களா என்பது பொருள். அடுத்த முறை, வேரைச் சுற்றியிருந்த மண் கட்டி உடையாதபடி சாக்கில் கட்டி எடுத்து வந்தோம். அந்தக் கொடி இன்றும் பூத்துக்கொண்டிருக்கிறது.

நாற்றுப் பண்ணைக்காரர் இம் மண்ணைத் 'தாய் மண்' என்பர். தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பலர், ஊரிலிருந்து கறிவேப்பிலைக் கன்றையோ துளசியையோ கொண்டு செல்லும்போது, இந்தத் தாய் மண்ணையும் உடன் கொண்டு சென்றிருப்பர். மண்ணை உதறினால் செடி வாடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நீரை உறிஞ்சும் நுண்ணிய வேர்கள் அறுந்து போகின்றன என்பது ஒன்று. இது எளிதில் விளங்கும். வேரோடு கைகோத்திருந்த காளான் இழைகளும் அறுந்துபோகின்றன என்பது மற்றொன்று. இது நமக்கு மிகப் பிந்தியே தெரிய வந்தது.

இவ்வுறவுக்குப் பெயர் சூட்டியவர் ஆல்பர்ட் பிராங்க் என்னும் ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர். மண்ணுக்குள் விளையும் 'டிரபில்' என்னும் விலையுயர்ந்த காளானைப் பயிர் செய்ய வழி உண்டா என்று ஆராயும்படி பிரஷ்ய அரசாங்கம் அவரைப் பணித்தது. அவரால் டிரபிலை விளைவிக்க முடியவில்லை. ஆனால் காட்டு மரங்களின் வேர் நுனிகளை எடுத்துப் பார்த்தபோது, அவை யாவும் காளான் இழையால் உறை போர்த்தப் பெற்றிருக்கக் கண்டார். நோய் பிடித்த வேர்கள் என்று மற்றவர் எண்ணியிருக்கக்கூடும். இவரோ, மரம் செழிப்பாக இருப்பதைக் கவனித்தார். காளான் இங்கே திருடன் அன்று, மரத்துக்கு ஊட்டி வளர்க்கும் செவிலித்தாய் என்று கருதினார். 1885ஆம் ஆண்டில், கிரேக்க மொழியில் காளானையும் வேரையும் குறிக்கும் இரு சொற்களை இணைத்து 'மைக்கோரைசா' என்ற பெயரை உண்டாக்கினார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச் சொல்லின்மேல் தனிப்பட்ட ஈடுபாடு உண்டு. தமிழில் இதனை 'வேர்ப் பூசணம்' என்று எழுதுவோர் உளர். அவ்வாறு சொன்னால் வேரில் இருக்கும் பூசணம் என்று பொருள்படுமேயன்றி, உறவு புலப்படாது. பிராங்க் பெயரிட்டது பூசணத்துக்கும் அன்று, வேருக்கும் அன்று. இரண்டும் கலந்து உண்டாகும் மூன்றாவது ஒன்றுக்கு. 'காளான் வேர்' என்பதே நமக்கு உவப்பானது. கோப்பில் எழுதினால் மேலதிகாரி அடித்துத் திருத்தக்கூடும். இக் கட்டுரையில் அந்த அச்சம் இல்லை.

இந்தக் காளான் வேரை நாம் நேரில் கண்டது நகரத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பிக்கும் நண்பரின் சோதனைச் சாலையில்தான். ஒரு புல்லின் வேரைக் காரத்தில் வேகவைத்து நிறமிழக்கச் செய்து, நீலச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். கண்ணாடி போலத் தெளிந்த வேருக்குள் நீல இழைகள் ஓடின. இழை ஓர் உயிரணுவுக்குள் நுழைந்த இடத்தில் கிளை விட்டு, கிளையிலிருந்து கிளை விட்டு, ஒரு சிற்றாலமரத்தைப் போலப் படர்ந்திருந்தது. கொடுக்கலும் வாங்கலும் நடைபெறும் கடைவீதி அதுதான் என்றார் நண்பர்.

கொடுப்பது என்ன, வாங்குவது என்ன? செடிக்கு வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்யத் தெரியும், காளானுக்குத் தெரியாது. காளானின் இழையோ வேர் புக முடியாத மண் துகள்களின் இடுக்குகளிலெல்லாம் புகும். அதன் பருமன் நம் தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு அளவே. செடிக்கு இன்றியமையாத பாஸ்பரச் சத்து, மண்ணில் நீரோடு எளிதில் ஓடி வருவதன்று. இருந்த இடத்திலேயே கட்டுண்டு கிடக்கும். வேர், தன்னைச் சுற்றியுள்ள சத்தைத் தின்று தீர்த்த பிறகு, இரண்டு விரற்கடைக்கு அப்பால் நிறைய இருந்தும் பட்டினி கிடக்க நேரிடும். இழைகள் அந்தத் தூரத்தைக் கடந்து சென்று சத்தைக் கொண்டுவந்து வேருக்குள் சேர்க்கின்றன. கூலியாகச் செடி தான் செய்த சர்க்கரையில் ஒரு பகுதியை அளிக்கிறது. சில செடிகள் தம் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரையில் இவ்வாறு கொடுத்துவிடுகின்றன. வருமான வரி செலுத்தும் உத்தியோகஸ்தர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

நிலத்தில் வளரும் செடிகளில் நூற்றுக்கு எண்பது அளவுக்கு இத்தகைய உறவைக் கொண்டவை என்று கணக்கிட்டுள்ளனர். கடுகும் முட்டைக்கோசும் தண்டுக் கீரையும் இதில் சேராத தனிப் பிறவிகள். உறவோ மிகப் பழைமையானது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரருகே கிடைத்த, 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்படிவங்களில், அக்காலத்துச் சிறு செடிகளின் உயிரணுக்களுக்குள்ளும் நாம் நுண்ணோக்கியில் கண்ட அதே சிற்றாலமரம் பதிந்திருக்கிறது. அச் செடிகளுக்கு உண்மையான வேர்கூட இன்னும் தோன்றவில்லை. வேர் பிறப்பதற்கு முன்பே காளான் உறவு பிறந்துவிட்டது என்றால், முன்பு சொன்ன பழமொழியை நாம் குறை கூறியது நியாயந்தானே?

திருவனந்தபுரத்து மண்ணில் இவ்வுறவுக்கு ஒரு தனி அவசியம் உண்டு. இங்கே எங்கு தோண்டினாலும் செம்புரைக் கல். மழை பல்லாயிரம் ஆண்டுகளாகச் சத்துக்களைக் கரைத்துச் சென்றுவிட, எஞ்சியிருக்கும் இரும்பும் அலுமினியமும் பாஸ்பரச் சத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன. இப்படிப்பட்ட மண்ணில்தான் மரச்சீனி என்கிற மரவள்ளி செழிக்கிறது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பினார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஏழையின் பசியை ஆற்றிய இக் கிழங்குச் செடியின் வேர்கள் பருமனானவை, எண்ணிக்கையிலும் குறைந்தவை. அது எவ்வாறு இம் மண்ணில் பிழைக்கிறது? கொலம்பியா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சூட்டினால் மண்ணிலுள்ள காளான்களை யெல்லாம் அழித்துவிட்டு, அதில் மரவள்ளியை நட்டுப் பார்த்தனர். செடி முழங்கால் உயரத்தை எட்டவும் திணறியது. காளானைத் திருப்பிச் சேர்த்தபோது, தழைத்தது. திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963இல் நிறுவப்பெற்ற மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்திலும் இத்துறையில் ஆய்வுகள் நடந்துள்ளன.

பயிர்களைப் பற்றிய மட்டில் கவலை பெரிதன்று. மரவள்ளியோடு உறவாடும் காளான்கள் பல்வேறு செடிகளோடும் உறவாடுபவை, எங்கும் கிடைப்பவை. இந்த வீட்டில் இல்லாவிட்டால் அந்த வீட்டில் என்று பந்தம் தேடிக்கொள்ளும். உண்மையான இக்கட்டு, காளான் இல்லாவிட்டால் பிறக்கவே முடியாத செடிகளுக்குத்தான். அவற்றில் தலையாயவை ஆர்க்கிடுகள்.

ஆர்க்கிடு என்றதும் பூக்கடைகளில் கண்ணாடித் தாளில் சுற்றி விற்கும் ஊதாப் பூக்கள் நினைவுக்கு வரலாம். அவை பண்ணையில் பிறந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மரக் கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் புல்வெளிகளிலும் வாழும் காட்டு ஆர்க்கிடுகளை மலையாளிகள் 'மரவாழ' என்பர். மரத்தின்மேல் வளரும் வாழை என்ற இப்பெயர் நமக்கும் எளிதில் வசப்படுவது. கொச்சியில் டச்சுக்காரரின் தளபதியாக இருந்த வான் ரீட், 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக வெளியிட்ட 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலில், 'பொன்னாம்பூ மரவாழ' என்ற மஞ்சள் மலர் ஆர்க்கிடு ஒன்று படத்தோடு இடம் பெற்றிருக்கிறது. லத்தீன் மொழியில் மூன்று நூற்றாண்டுகள் பூட்டிக் கிடந்த இந்நூலைப் பேராசிரியர் கே. எஸ். மணிலால் ஆங்கிலத்தில் பெயர்த்தார்; 2003இல் திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகம் அதனை வெளியிட்டது. மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் அந்தப் பன்னிரண்டு பாகங்களையும் நூலகத்தில் வரிசையாகக் கண்டபோது, நாம் நம்மையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டோம்.

ஆர்க்கிடின் விதை ஓர் அதிசயம். அதன் ஒரே காயில் பல்லாயிரம், சில இனங்களில் பல லட்சம் விதைகள் இருக்கும். விதை என்பதைவிடத் தூசி என்பதே பொருந்தும். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால், அவற்றில் சில கூறுகளே ஒரு விதையின் எடை. நெல்லுக்குள் மாவு இருக்கிறது; தேங்காய்க்குள் பருப்பும் நீரும் இருக்கின்றன. தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது. ஆர்க்கிடு விதைக்குள் கட்டுச்சோறே கிடையாது. காற்றில் மிதந்து எங்கோ விழும் அந்தத் தூசி, தகுந்த காளானின் இழை ஒன்று தன்னைத் தொடும் வரையில் அப்படியே கிடக்கும். தொடாவிட்டால், அங்கேயே மடியும். தொட்டால், இழை விதைக்குள் நுழைந்து நூற்கண்டு போலச் சுருள்கிறது. விதை அந்தக் கண்டினைச் செரித்து உண்டு, பச்சையிலையோ வேரோ இல்லாத ஒரு சிறு முண்டாக மாதக்கணக்கில், சில இனங்களில் ஆண்டுக்கணக்கில், வளர்கிறது. பிறகே இலை விடுகிறது. இலை விட்ட பின்னரும் உறவு நீடிப்பதுண்டு. 'எபிபோஜியம்' போன்ற சில இனங்கள் பச்சையம் இல்லாமலே பிறந்து, காளானின் சோற்றை உண்டே பூத்துக் காய்த்து முடிகின்றன. கேரளக் காடுகளில், மழைக்காலத்து இருளில், வெளுத்த மேனியோடு அது நிற்பதைப் பார்த்தவர்கள் அதற்குப் பேய் ஆர்க்கிடு என்று பெயரிட்டதில் வியப்பில்லை.

இந்த இரகசியத்தை முதலில் அவிழ்த்தவர் நோயெல் பெர்னார் என்னும் பிரெஞ்சு இளைஞர். 1899இல் பாரிசுக்கு அருகிலுள்ள பாந்தேன்புளோ காட்டில், சருகின் அடியில் புதைந்து கிடந்த ஆர்க்கிடுக் காய்களைக் கண்டார். உள்ளே விதைகள் முளைத்திருந்தன. முளைத்த ஒவ்வொன்றிலும் காளான் இழை இருந்தது. தோட்டக்காரர்கள் நூறு ஆண்டுகளாக ஆர்க்கிடு விதையை முளைக்க வைக்க முடியாமல் திகைத்ததற்கு விடை அதில் இருந்தது. அவர் 36 வயதிலேயே காலமாகிவிட்டார். 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன் வேறொரு வழியைக் கண்டார். கடற்பாசிக் கூழில் சர்க்கரையும் உப்புக்களும் கலந்து, கிருமி நீக்கிய கண்ணாடிக் குப்பியில் விதைத்தால் காளான் இன்றியே ஆர்க்கிடு முளைக்கிறது என்று அவர் காட்டினார். இன்று உலகெங்கும் நடைபெறும் ஆர்க்கிடு வணிகம் அந்தக் குப்பியிலிருந்து கிளம்பியதே.

ஆயின் குப்பியில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதனைச் சொல்லத்தான் நாம் பாலோட்டுக்குப் போக வேண்டும்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை, தென்மலை வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் பேருந்தில் வந்தவர்கள், நெடுமங்காட்டுக்கு முன்னதாகப் பாலோடு என்ற ஊரைக் கடந்திருப்பர். அதன் அருகே, மலையடிவாரத்தில், 1979இல் கேரள அரசு ஒரு வெப்பமண்டலத் தாவரப் பூங்காவையும் ஆராய்ச்சி நிலையத்தையும் நிறுவியது. இப்போது அது ஜவாஹர்லால் நேருவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. காணிக்காரர் என்னும் மலைவாசிகள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை மூலிகையால் அதன் பெயர் உலகெங்கும் பரவியது. அது வேறொரு நாள் சொல்ல வேண்டிய கதை. அதன் முதல் இயக்குநரான பேராசிரியர் ஏ. ஆபிரகாம் ஆர்க்கிடுகளிலே தோய்ந்தவர். பி. வத்சலாவுடன் சேர்ந்து தென்னிந்திய ஆர்க்கிடுகள் 150ஐ விவரிக்கும் நூலை 1981இல் வெளியிட்டார். அந்நாள் முதல் ஆர்க்கிடுகளைத் திரட்டிக் காப்பதும், குப்பியில் பெருக்குவதும், பெருக்கியவற்றைத் திரும்பக் காட்டில் நடுவதும் அந்நிலையத்தின் முக்கியப் பணிகளாக இருந்து வருகின்றன. வான் ரீட் படம் எழுதுவித்த பொன்னாம்பூ மரவாழையே அவ்வாறு பெருக்கிக் காட்டில் நடப்பட்ட இனங்களுள் ஒன்று. வாண்டா ஸ்பாதுலாட்டா என்ற பெயரில் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை அந்நிலையத்தார் 2003இல் வெளியிட்டனர். வான் ரீட் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்ததும் அதே ஆண்டுதான்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். குப்பியில் பிறந்த செடி, காளானைக் கண்டதே இல்லை. சர்க்கரைக் கூழில் வளர்ந்த அதனைக் காட்டில் கொண்டு நட்டால், முதல் சோதனை அது உயிர் பிழைப்பது. ஈரம் நிறைந்த குப்பியிலிருந்து வெயிலும் காற்றும் உள்ள இடத்துக்கு வருவதே அதற்குக் கடினம். வேரில் துணையும் இல்லையென்றால் இன்னும் கடினம். நல்ல வேளையாக, நடப்பட்ட இடத்தில் தகுந்த காளான் இருந்தால் அது செடியின் வேரைத் தேடி வந்து பற்றிக்கொள்ளும். பக்குவமாக வளர்த்துப் பதமான இடத்தில் நட்டவற்றில் கணிசமானவை பிழைத்தும் விடுகின்றன. பத்திரிகைகளில் படம் வெளிவருகிறது. செடி காப்பாற்றப்பட்டது என்று நாமும் மகிழ்கிறோம்.

இரண்டாவது சோதனையைப் பத்திரிகைகள் எழுதுவதில்லை. அந்தச் செடி பூத்து, காய்த்து, விதையைத் தூவும்போது, அவ்விதைகளில் ஒன்றேனும் முளைக்கிறதா? முளைக்க வேண்டுமானால் சுற்றுப்புறத்து மண்ணிலோ மரப்பட்டையிலோ உரிய காளான் இருந்தாக வேண்டும். வளர்ந்த செடி எப்படியோ தாக்குப்பிடிக்கும். விதையால் ஒரு நாளும் முடியாது. காளான் இல்லாத இடத்தில் நட்ட ஆர்க்கிடு, இருபது ஆண்டுகள் பூத்துக் குலுங்கலாம். ஆனால் அதற்குச் சந்ததி இராது. ஆண்டுதோறும் பூக்கணக்கு எடுக்கும் அதிகாரியின் ஏட்டில் எல்லாம் நலம் என்றே எழுதப்பட்டிருக்கும். கடைசிச் செடி பட்டுப்போகும் நாளில்தான், அந்த இனம் வெகு காலத்துக்கு முன்பே மறைந்துவிட்டிருந்தது என்று தெரியவரும்.

ஆகவே செடியை நடுவதற்கு முன் காளான் இருக்கிறதா என்று அறிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை எப்படித் தேடுவது? இதற்கு ஹன்னே ராஸ்முசென், டென்னிஸ் விகாம் என்ற இரு அறிஞர்கள் 1993இல் ஓர் அழகிய உபாயத்தை வெளியிட்டனர். அக்காலத்தில் புகைப்பட வில்லைகளைச் செருகி வைக்கும் சிறு சட்டங்கள் இருந்தன அல்லவா? அச்சட்டத்தில் நுண்ணிய நைலான் வலையை மடித்து, அதற்குள் ஆர்க்கிடு விதைகளை வைத்துப் பூட்டி, மண்ணில் பல இடங்களில் புதைத்தனர். வலையின் கண் வழியே விதை வெளியேற முடியாது. காளான் இழை உள்ளே நுழைய முடியும். மாதங்கள் சென்றபின் தோண்டி எடுத்துப் பார்த்தால், எந்தப் பொட்டலத்தில் விதை பருத்திருக்கிறதோ அந்த இடத்தில் காளான் உண்டு. மீனுக்குத் தூண்டில் போடுவதுபோலக் காளானுக்கு விதையைத் தூண்டிலாக்கிய இந்த எளிமையை நாம் மிகவும் மெச்சுகிறோம். பருத்த விதைக்குள்ளிருந்து காளானைப் பிரித்தெடுத்து வளர்த்து, வேறு விதைகளை அதன் துணையோடு முளைக்க வைக்கவும் முடிகிறது. ஆஸ்திரேலியாவில் அருகிவரும் சிலந்தி ஆர்க்கிடுகளை இவ்வாறு காளானோடு சேர்த்தே வளர்த்து, காளானோடு சேர்த்தே நடுகிறார்கள்.

இவற்றையெல்லாம் நாம் இங்கிருந்து எண்ணிப் பார்க்கும்போது, கண் தானாகவே கிழக்கு நோக்கித் திரும்புகிறது. வானம் தெளிந்த நாட்களில் நகரத்தின் மேட்டுப் பகுதிகளிலிருந்து மலைத்தொடர் தெரியும். அதில் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்பது அகத்திய மலை. இங்குள்ளோர் அகஸ்தியார்கூடம் என்பர். நமக்கு அது பொதிகை. அம் மலையின் கிழக்குச் சரிவு தமிழ்நாடு, தாமிரபரணி இறங்கும் பக்கம். மேற்குச் சரிவு திருவனந்தபுரம் மாவட்டம். இப் பொதிகையைச் சுற்றிய மலைகளிலே, வேறெங்கும் இயற்கையில் காண முடியாத ஓர் ஆர்க்கிடு உண்டு. மஞ்சள் நிறப் பூ. ஒவ்வோர் இதழின் நடுவிலும் கருஞ்சிவப்புக் கோடு. கீழிதழ் ஒரு சிறு பாதுகை போலக் குவிந்திருக்கும். பாபியோபெடிலம் துரூரி என்பது அதன் விஞ்ஞானப் பெயர். முற்பாதி வீனஸ் தேவியின் பாதுகையைக் குறிப்பது. பிற்பாதி, திருவிதாங்கூரில் பணியாற்றிய கர்னல் துரூரியின் பெயர். சென்னை மாகாணத்து வனத்துறை அதிகாரியான பெட்டோம் 1874இல் அதனை விவரித்து வெளியிட்டார். பாதுகை ஆர்க்கிடுகளில் தென்னிந்தியாவுக்கென்று உரியது இது ஒன்றே.

அதற்குப் பின் அதைப் பற்றிய செய்தி நெடுங்காலம் இல்லை. மறைந்துவிட்டது என்றே பலர் நம்பினர். 1970களில் அது பொதிகையில் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. கண்டெடுத்ததே அதற்குக் கேடாகவும் முடிந்தது. அபூர்வ மலர்களைச் சேர்ப்போர் உலகெங்கும் உள்ளனர், விலை பேசினர், கூடை கூடையாகப் பெயர்க்கப்பட்டது. உயரத்துப் புல்வெளிச் சரிவுகளில் அது வளர்வதால் கோடைக்காலத் தீயும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. சட்டம் இதற்குள் விழித்துக்கொண்டது. நமது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் காப்பாற்ற வேண்டிய செடிகளின் அட்டவணை ஒன்று சேர்க்கப்பட்டது. அதில் இடம் பெற்ற ஒரு சில செடிகளில் பாதுகை ஆர்க்கிடுகளும் உண்டு. பன்னாட்டு வணிக ஒப்பந்தமும் காட்டில் எடுத்த பாதுகை ஆர்க்கிடுகளின் வாணிபத்தைத் தடை செய்கிறது.

அட்டவணையில் செடியின் பெயர் இருக்கிறது. அதன் காளானின் பெயர் இல்லை. தென்னமெரிக்காவில் சிலி நாடு தன் சுற்றுச்சூழல் சட்டத்தில் செடி, விலங்கு ஆகியவற்றோடு காளானையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மற்ற நாடுகளின் சட்டங்களில் காளான் பெரும்பாலும் பெயரில்லாத பிரஜைதான். நம் அபிப்பிராயத்தில், பொதிகையில் அந்தக் காளானை இதுவரை காத்து வந்தது அட்டவணை அன்று. மண்ணைக் கிளறக் கூடாதென்று தடுக்கும் சரணாலய எல்லையே. மேற்கே நெய்யாறு, பேப்பாறை. கிழக்கே களக்காடு, முண்டந்துறை. இவை எல்லாம் சேர்ந்த அகத்திய மலை உயிர்க்கோளக் காப்பகம் 2001இல் ஏற்பட்டது. 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் ஏறியது. புலிக்கும் யானைக்கும் இட்ட வேலியின் உள்ளே, யாரும் நினைத்துப் பாராத வெண்ணிழைகளும் புகலிடம் பெற்றுவிட்டன. ஊர்ப்புறங்களில் பாம்புக் காவுகளின் சருகைக்கூட வாரக் கூடாது என்று கேரளத்துப் பெரியோர் விதித்ததிலும் இதே பலன் கிட்டியிருக்கும்.

இவ்வளவும் படித்தபின், "எங்கள் வீட்டுத் தொட்டிச் செடிக்கு இந்தக் காளானைக் கடையில் வாங்கிப் போடலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். 'வேம்' என்ற பெயரில் உழவர்களுக்கு உயிர் உரமாக விற்பது பயிர்களோடும் பழமரங்களோடும் உறவாடும் வகை. கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் அது உதவும். தில்லியிலுள்ள டெரி ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்தகைய காளான்களைச் சேமித்து வைக்கும் நிலையமே உண்டு. ஆனால் சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டும் தொட்டியில் காளானைச் சேர்ப்பது வீண். சத்து இலவசமாகக் கிடைத்தால் செடி யாருக்குக் கூலி கொடுக்கும்? உறவைத் தானே தளர்த்திவிடும். ஆர்க்கிடுக்கோ 'வேம்' சிறிதும் பயன்படாது. ஆர்க்கிடின் காளான்கள் வேறு குலத்தைச் சேர்ந்தவை. மட்கும் மரத்திலும் சருகிலும் தனித்து வாழவும் வல்லவை. மலைப் பாதையோரத்தில் காட்டு ஆர்க்கிடை மரப்பட்டையோடு வைத்து விற்பவரிடம் நாமும் ஒரு முறை ஏமாந்து வாங்கியிருக்கிறோம். மாமரத்தில் கட்டினோம்; ஒரு முறை பூத்தது; அடுத்த மழைக்குள் போய்விட்டது. அன்று நாம் கொடுத்த காசு, காட்டில் இன்னொரு கிளையை வெறுமையாக்கியிருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

பாதுகை ஆர்க்கிடின் காளான் யாது? சீனாவிலும் தாய்லாந்திலும் அதன் உறவினச் செடிகளின் வேர்களை ஆராய்ந்தோர், 'டூலாஸ்நெல்லா' என்னும் குலத்துக் காளான்களையே மிகுதியாகக் கண்டிருக்கின்றனர். பொதிகைச் செடியின் துணையும் அக்குலத்தைச் சேர்ந்ததாகவே இருக்க இடமுண்டு. ஆயினும் குலம் ஒன்றாக இருந்தால் போதாது. சில ஆர்க்கிடுகள் அண்டை மலைக் காளானைக்கூட ஏற்பதில்லை. எனவே விதையை உறைபனிக் குளிரில் சேமிக்கும்போதே, அதே சரிவில் நிற்கும் செடியின் வேரிலிருந்து காளானையும் பிரித்துச் சேமித்தாக வேண்டும். செடியைப் பெயர்க்க வேண்டியதில்லை. விரல் நீள வேர் ஒன்று போதும். கோணியும் கூடையும் தேவையில்லை. நைலான் பொட்டலத்தைப் புதைக்கப் பருவமழைக்கு முந்திய வாரங்களே உகந்தவை. இங்கே எடவப்பாதி என்பர். நமது வைகாசிப் பிற்பகுதி. மழை முடிந்து, தை மாசியில் மலைப்பாதை திறக்கும்போது தோண்டிப் பார்க்கலாம். அந்த மாதங்களில்தான் மஞ்சள் பாதுகை பூக்கத் தொடங்குகிறது.